பேர் கேட்காத அசனம்

கோத்தா திங்கி படகுத்துறைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த கத்தரின் அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. அவள் பாவசங்கீர்த்தனம் செய்கிற நாளில், வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் அவள் பாவக்கணக்கு மனப்பாடம் ஆகிவிடும் என்று நான் கேலி செய்வேன். "ஆவட்டுமே டீச்சர், அவங்க பாவமும் அதேதானே" என்பாள். அதையும் ஆற்றில் போகிற சம்பான் படகுக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொல்வாள்.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த வெள்ளம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. நினைத்தவுடன் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நடக்கத் தோன்றுகிறது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் முறையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் வெள்ளம் மட்டும் வரும், கத்தரின் அக்கா வரமாட்டாள்.

அவள் பிறந்தது பெரியாற்று ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில். பாவாடை கட்டுகிற வயதிலேயே அம்மாவோடு பால் வெட்டப் போனவள். மாட்டுவண்டி ஓட்டுகிற சந்தனசாமி அண்ணனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள், ஒரே ஒரு அடுப்பில் இட்லி அவித்துக் கடையைத் தொடங்கினாள். சந்தனசாமி அண்ணன் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் அக்காவே பேசி முடித்துவிடுவாள், அவருக்கு மிச்சம் இருக்காது.

நான் வினிஃப்ரெட். அந்தோனியார் கோயிலை ஒட்டிய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு முன்கோபம் அதிகம், எங்கள் ஏழை உதவிச் சங்கத்தில் நான் சண்டை போடாத ஆள் கிடையாது. அக்காவோடுதான் அதிகம் போட்டிருக்கிறேன்.

முப்பதாம் வருஷம் ரப்பர் விலை படுத்துக்கொண்டது. பெரியாற்றுத் தோட்டத்தில் பேர் வெட்ட ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் ஒருவரைப் பார்த்து வேலை இல்லை என்று சொல்ல மாட்டார்கள், பேர் வெட்டியாச்சு என்பார்கள். செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் புத்தகத்தில் பேர் இருந்தால் வேலை உண்டு, லயத்தில் வீடு உண்டு, கடையில் அரிசி உண்டு. கணக்கெழுதுகிற கிராணி தன் பேனாவால் ஒரு கோடு இழுத்தால் எல்லாம் போயிற்று. அப்படி வெட்டப்பட்டவர்களை முகாமில் சேர்த்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

சந்தோஷமாகப் போனவர்களும் உண்டு. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எங்கே போவார்கள்? செல்லம் என்று ஒரு பெண். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பிறந்த சில நாளிலேயே போய்விட்டன, அந்தத் தோட்டத்து மண்ணில்தான் புதைத்திருந்தார்கள். அவற்றை விட்டுவிட்டுக் கப்பலேற மாட்டேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அவள் புருஷன் வேலு அவளைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்துக்குப் பின்னால் ஆற்றோரமாக இருந்த மேட்டுக்காட்டில் குடிசை போட்டான். அவர்களைப் போலவே மறுத்த சில குடும்பங்களும் அங்கே போய் மரவள்ளி நட்டுக்கொண்டு ஒளிந்து வாழ்ந்தன.

அவர்களைப் பிடிக்க ஜோகூர் பாருவிலிருந்து ரோலண்ட் என்று ஓர் அதிகாரி வருவார். நம்முடைய ஆள்தான், தமிழர், எங்களைப் போலவே கோயிலுக்குப் போகிற வேதக்காரர். மடிப்புக் கலையாத கால்சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்டிருப்பார். ஒருமுறை அவர், அவர்களிடம் வேலை வாங்கிய பழைய கங்காணி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், "வாங்கப்பா, நான்தான் வந்திருக்கேன்" என்று கூப்பிட வைத்தார். தெரிந்த குரல் என்று நம்பி வெளியே வந்தவர்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு மேட்டுக்காட்டுக்காரர்கள் தெரிந்த குரலையும் நம்புவதில்லை.

எங்கள் சங்கம் பிறந்தது இந்தக் காலத்தில்தான். கோயில் ஆட்களும் டவுன் ஆட்களும் சேர்ந்து தொடங்கினோம். காரியதரிசி கனகசுந்தரம் ஐயா. யாழ்ப்பாணத்துச் சைவர், அரசாங்க ஆபீசில் கிராணி வேலை. நெற்றியில் திருநீறு, தலையில் தொப்பி, கையில் குடை. அடுத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நல்ல மனுஷன், ஆனால் ஒழுங்கு ஒழுங்கு என்று உயிரை எடுப்பார். பசித்தவர்கள் சங்கத்துச் சன்னலுக்கு வந்து பேரைச் சொன்னால் அரிசி கொடுப்பது என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். அரிசி மூட்டை காத்திருந்தது, நாங்கள் காத்திருந்தோம், ஒருத்தரும் வரவில்லை.

"பசி இல்ல போல" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"பசியெல்லாம் இருக்கு டீச்சர்" என்றாள் அக்கா. "பேரச் சொல்லித்தான் வெட்டுப்பட்டாங்க. மறுபடியும் ஒரு கிராணிகிட்ட வந்து பேரச் சொல்லுவாங்களா? அதோட கையேந்திச் சன்னல்ல நிக்கணும். நான்கூட நிக்க மாட்டேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்கு உரிய நாளில், அவள் அசனம் வைத்தாள். எங்களுக்கு அது புதிதல்ல. அந்தோனியாரிடம் ஏதாவது வேண்டிக்கொள்வோம், அது நடந்தால் அண்டாவில் சோறு பொங்கி, வந்தவர்களுக்கெல்லாம் போடுவோம். வேண்டிக்கொண்ட நேர்ச்சைக்காரர் தலையில் துணிகூட இல்லாமல் நின்று எல்லோரையும் கூப்பிட வேண்டும், தன் கையால் பரிமாற வேண்டும், பிறகு அதே பந்தியில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட வேண்டும். சாப்பிட வந்தவர்களின் பேரையோ ஊரையோ கேட்டால் எங்கள் கோயிலில் அந்த நேர்ச்சை செல்லாது. அண்டாவில் சோறு இருக்கிற வரைக்கும் அசனம் முடிந்ததாகவும் கணக்கில்லை.

அந்தச் செவ்வாய் மேட்டுக்காட்டில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பொட்டு வைத்தவர்கள்தான் அதிகம், அந்தோனியாருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அசனத்தில் உட்கார யாருக்கும் வெட்கம் கிடையாது. வாராவாரம் யாராவது ஒரு நேர்ச்சைக்காரரை அக்கா பிடித்துவிடுவாள். பல் வலி போனதற்குக்கூட ஒருத்தர் அண்டா ஏற்றினார். கனகசுந்தரம் ஐயாதான், "இதில ஒரு ஒழுங்கும் இல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே அரிசி மூட்டைகளை அனுப்பிவைத்தார்.

அந்தச் செவ்வாய்களில் செல்லம் பாத்திரம் கழுவிக் கொடுப்பாள். அவளுக்கு மறுபடியும் வயிறு தள்ளியிருந்தது. ஒரு நாள் அவள் அக்காவிடம், "இதுவும் தங்கலன்னா நான் இருக்க மாட்டேன் அக்கா" என்றாள். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒனக்கு வலி எடுக்கும்போது நான் பக்கத்துல இருப்பேன். ஆறே குறுக்க வந்தாலும் வருவேன்" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் மெதுவாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ஆறு குறுக்கே வந்தது. அந்த வருஷக் கடைசி மழையில் ஜோகூர் ஆறு கரையைத் தாண்டிக் கடைத்தெருவுக்குள் புகுந்தது. காலையில் எழுந்து பார்த்தால் அக்காவின் கடைப் பெஞ்சுகள் மிதந்துகொண்டிருந்தன. அரிசி வியாபாரம் செய்கிற சீனத் தவுக்கே ஒருவர் தன் கிடங்கு வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். அக்கா நேரே அவரிடம் போனாள்.

"தவுக்கே, இந்த அரிசி மத்தியானத்துக்குள்ள நனைஞ்சிடும். நனைஞ்சா யாருக்கும் ஆகாது. எனக்குக் குடுத்தா மேட்டுக்காட்டு ஜனங்க சாப்புடும்."

"அலமாக்" என்று அங்கலாய்த்தார் தவுக்கே. மூட்டைகளைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "அம்பில் லா, அம்பில்" என்று கையை வீசினார். எடுத்துக்கொள் என்று அர்த்தம். அக்கா அதற்குள் இரண்டு மூட்டையை வெளியே தள்ளியிருந்தாள்.

கனகசுந்தரம் ஐயா அதற்குள் அவாங்கின் தொங்கான் படகை ஏற்பாடு செய்துவிட்டார். அவாங் அந்த ஆற்றிலேயே பிறந்த மலாய்க்காரர், அவருடைய படகு பெரியது. ஐயா வேட்டிக்கு மேல் கோட்டும் தொப்பியும் குடையுமாக வந்து முன்னால் உட்கார்ந்தார். வெள்ளத்தில் ஒழுங்கு இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே பக்கம் ஏறிப் படகே கவிழ்ந்துவிடும் என்றார். அதை நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் அக்காவும் சந்தனசாமி அண்ணனும் அசன அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்ததை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஆள் ஏத்த வேண்டிய எடத்துல அண்டா எதுக்கு அக்கா?"

"வாரவங்களுக்கு வயிறு இருக்குல்ல டீச்சர்? நகந்து ஒக்காருங்க."

அண்டாவுக்குப் பக்கத்தில் தவுக்கேயின் அரிசி, கரி மூட்டை, பருப்பு, பரங்கிக்காய், கருவாடு, ஒரு கட்டு வாழை இலை. நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.

படகு கடைத்தெரு வழியாகவே போயிற்று. தெருவில் படகில் போவது எவ்வளவு அதிசயம் என்று அந்த அவசரத்திலும் எனக்குத் தோன்றியது. கோயில் மேட்டுக்குக் கீழே என் பள்ளிக்கூடத்துச் சன்னலை எட்டித் தொட்டேன். ஆற்றின் நடுவுக்கு வந்ததும் மரக்கட்டைகளும் ஒரு கோழிக்கூண்டும் எங்களோடு போட்டி போட்டு ஓடின. அவாங்கும் சந்தனசாமி அண்ணனும் கழி ஊன்றித் தள்ளினார்கள். அக்கா முன்பக்கம் நின்றுகொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஆற்றையே அதட்டினாள்.

மேட்டுக்காட்டை நெருங்கும்போது குடிசைகளின் கூரை மட்டும்தான் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. அதற்கு மேலே சரிவு, சரிவின் உச்சியில் புதர்க்காடு. சரிவில் ஒரு கோழி நின்றது, ஆள் ஒருவரும் இல்லை. படகு சேற்றில் முட்டி நின்றது.

கனகசுந்தரம் ஐயா எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குடையை விரித்தபடி, அவருக்குத் தெரிந்த ஒழுங்கான முறையில் கூப்பிட்டார்.

"ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. வரிசையா வந்து பேரைச் சொல்லுங்கோ. பேர் சொன்ன ஆக்களுக்கு அரிசியும் படகில இடமும் தருவம்."

புதர் ஒருமுறை அசைந்து அடங்கிவிட்டது. எனக்கு அந்தக் குடையைப் பிடுங்கி ஆற்றில் எறிய வேண்டும்போல இருந்தது.

அக்கா சேற்றில் குதித்தாள். "வேலு, செல்லம், நான்தாண்டி கத்தரின் வந்திருக்கேன். வெளிய வாங்க, தண்ணி ஏறுது."

புதருக்குள்ளிருந்து வேலுவின் குரல் வந்தது.

"ஒங்களையும் புடிச்சுக் கூட்டியாந்துட்டாங்களா அக்கா?"

"என்னை யார்டா புடிக்கிறது? நானாத்தான் வந்தேன்."

"அந்தக் கங்காணியும் இப்படித்தான் சொன்னாரு. மொதல்ல அந்தத் தொப்பிய போகச் சொல்லுங்க."

"அது ரோலண்ட் இல்லடா, நம்ம கிராணி ஐயா."

"கிராணியா?" என்றான் வேலு. அடுத்த வார்த்தை இன்னும் உள்ளே இருந்து கேட்டது. "நாங்க வரல."

அப்போதுதான் அந்த முனகல் கேட்டது. ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற சத்தம். செல்லத்துக்கு வலி எடுத்துவிட்டது. அக்கா ஓரடி முன்னால் வைத்தாள், புதர் அவள் வரக்கூடாது என்பதுபோல் பின்னால் சரசரத்தது. சந்தனசாமி அண்ணன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆழமான சதுப்பு. துரத்தினால் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அதற்குள் இறங்கிவிடுவார்கள்.

"ஆயிர் நாயிக் லா" என்றார் அவாங். தண்ணீர் ஏறுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குடிசையின் கூரை ஆடியது, ஆற்றோடு புறப்பட்டுப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு தூரம் வந்து, கூப்பிடுகிற தூரத்தில் நின்றுகொண்டு, ஒரு தொப்பிக்காக இத்தனை பேரையும் விட்டுவிட்டுப் போவதா?

அக்கா திரும்பிப் படகைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அண்டாவ எறக்குங்க."

"இப்ப சமையலா?" என்று நான் கத்தினேன்.

"சமையல் இல்ல டீச்சர், அசனம். அந்தோனியார் பேரச் சொல்லிப் பொய்யா அண்டா ஏத்த யாருக்கும் துணிச்சல் வராது. அது அவங்களுக்கும் தெரியும்."

"இண்டைக்குச் செவ்வாய் இல்லையே" என்றார் கனகசுந்தரம் ஐயா.

"வெள்ளம் செவ்வாய் பாத்தா வந்துச்சு? ஆனா நேர்ச்சை நெசமா இருக்கணும். இல்லாத நேர்ச்சைக்கு நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்." அவள் சுற்றிலும் எங்களைப் பார்த்தாள். என் நேர்ச்சைகளையெல்லாம் நான் அவ்வப்போதே தீர்த்துவிட்டேன், அவளும் தீர்த்துவிட்டாள். கடைசியில் அவள் பார்வை ஐயாவிடம் நின்றது. "போன மழைல ஒரு ஆளு கோயில் பின்வாசல் வழியா வந்து மெழுகுவத்தி ஏத்துனாரு. நான் பூச்சாடி கழுவிக்கிட்டு இருந்தேன். சும்மாவா ஏத்துனீங்க ஐயா?"

ஐயாவின் முகம் சிவந்துவிட்டது. எங்கள் காரியதரிசி, சிவபூசை செய்யாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர், அந்தோனியாரிடம் திருட்டுத்தனமாக வந்திருக்கிறார். சிரிப்பை அடக்க நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"கமலாம்பிகைக்குக் காய்ச்சல்" என்றார் அவர் மெல்ல. கமலாம்பிகை அவருடைய மனைவி. "டொக்டரும் கைவிட்டுட்டார். அவ எழும்பினால் செய்யிறன் எண்டு சொன்னனான். எழும்பிட்டா. ஆனா எங்கட ஆக்கள் என்ன நினைப்பினமோ எண்டு..."

"அப்ப அந்தோனியாருக்கு நீங்க பாக்கி" என்றாள் அக்கா. "தொப்பியக் கழட்டுங்க."

படகுப் படுதாவை இழுத்து மரத்துக்கு மரம் கட்டினோம். சந்தனசாமி அண்ணன் கரியைக் கொட்டிப் பற்ற வைத்தார். அக்கா அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டாள், பரங்கிக்காயை உடைத்துப் போட்டாள், ஐயாவுக்காகக் கருவாட்டைத் தொடவே இல்லை. நான் விசிறினேன். என் சேலை முழுக்கக் கரி. புகை சரிவில் ஏறிப் புதருக்குள் போயிற்று, அதன் பின்னாலேயே கொதிக்கிற சோற்றின் வாசம் போயிற்று. அந்த அண்டா கொதிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் சொன்ன ஜெபங்களை அதற்கு முன்னாலும் பின்னாலும் சொன்னதில்லை.

கனகசுந்தரம் ஐயா தொப்பியைக் கழற்றினார். கோட்டைக் கழற்றினார். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிப் படகில் வைத்தார். வழுக்கைத் தலையில் மழை விழுந்து நெற்றித் திருநீறு கரைந்து மூக்கில் ஒழுகியது. சேற்றில் வெறுங்காலோடு நாலு எட்டு ஏறி நின்றார்.

"அந்தோனியார் அசனம்" என்று கூப்பிட்டார். குரல் முதலில் கம்மியது. மறுபடியும் கூப்பிட்டார். "அந்தோனியார் அசனம். என்ர நேர்ச்சை. எல்லாரும் வந்து சாப்பிடுங்கோ."

உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. பிறகு வேலு கேட்டான். "என்னா நேர்ச்சை ஐயா?"

"என்ர மனிசி காய்ச்சலில கிடந்தவ. பிழைச்சிட்டா."

"பேர் எழுதுவீங்களா?"

"அசனத்தில பேர் கேக்கக் கூடாது" என்றார் அவர். "கேட்டா என்ர நேர்ச்சை செல்லாது. அவவுக்குத் திரும்பக் காய்ச்சல் வந்திடும் எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு."

அந்தப் பயம்தான் அவர்களை நம்ப வைத்தது என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன். அக்கா கரண்டியால் அண்டா விளிம்பில் ஓங்கித் தட்டினாள், செவ்வாய்க்கிழமைகளில் தட்டுவது போலவே. புதர் விலகியது. முதலில் ஒரு கிழவர், பிறகு குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள், பிறகு திமுதிமுவென்று எல்லோரும். வேலுவும் இன்னொருவனும் ஒரு சாரோங்கைக் கழியில் கட்டிச் செல்லத்தை அதில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கைதட்டிவிட்டேன், டீச்சர் என்பதே மறந்துவிட்டது.

அக்கா கரண்டியை ஐயாவின் கையில் திணித்துவிட்டுச் செல்லத்திடம் ஓடினாள். அவளைப் படகில் படுக்க வைத்து, தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். "வந்துட்டேன் பாத்தியா?" என்றாள். செல்லம் அவள் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள், அழக்கூட இல்லை.

அவ்வளவு வேகமாக நடந்த அசனத்தை நான் கண்டதில்லை. சரிவில் சேற்றிலேயே பந்தி. ஐயா ஓடி ஓடிப் பரிமாறினார், கரண்டி பிடிக்கத் தெரியாமல் பாதி அவர் வேட்டியில். பிறகு ஓர் இலையைப் போட்டுக்கொண்டு வேலுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வீட்டுத் தண்ணீர் குடிக்காத மனுஷன், அந்தச் சோற்றை அள்ளிச் சாப்பிட்டார். அதுவும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தண்ணீர் கடைசி ஆளின் காலைத் தொட்டபோது அவாங் "செப்பாட், செப்பாட்" என்று அவசரப்படுத்தினார். எல்லோரும் படகில் ஏறினோம். நான் அண்டாவைக் கவிழ்க்கப் போனேன்.

"கவுக்காதீங்க டீச்சர்" என்று அக்கா படகிலிருந்து கத்தினாள். "அடியில ஒரு பிடி இருக்கட்டும்."

எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சண்டை போட நேரமில்லாததால் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன்.

கோயில் உயரத்தில் இருந்ததால் வெள்ளம் படிக்கட்டோடு நின்றுவிட்டது. பொழுது சாய்வதற்குள், பீடத்துக்குப் பின்னால் சாமியார் உடுப்பு மாட்டுகிற அறையில் செல்லத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. கதவுக்கு வெளியே நின்ற எனக்கு முதலில் கேட்டது குழந்தையின் அழுகை, அடுத்தது அதைவிடப் பெரிதாக அக்காவின் அழுகை. கோயில் முழுக்க ஆட்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். வேலு யார் காலிலோ விழப் போனான். கனகசுந்தரம் ஐயா அவனைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார்.

மறுநாள் மத்தியானம் மோட்டார் படகு ஒன்று கோயில் படியில் வந்து நின்றது. வெள்ளைத் தொப்பி இறங்கியது, ரோலண்ட். வெள்ளத்தில் தப்பியவர்களைப் பார்த்து வர அனுப்பியிருந்தார்கள். பேர் வெட்டப்பட்டவர்கள் இருந்தால் முகாமுக்குக் கொண்டுபோவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலு அறைக் கதவை மறைத்துக்கொண்டு நின்றான்.

"இவங்கல்லாம் யாரு?" என்றார் ரோலண்ட். பென்சிலை எடுத்தார். "ஒவ்வொருத்தரா பேரச் சொல்லச் சொல்லுங்க."

அவர் கேட்டது கனகசுந்தரம் ஐயாவை. இருவரும் அரசாங்க வேலை. ஐயா பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர், வேலை போய்விடும் என்ற கவலையும் அவர் முகத்தில் தெரிந்தது.

"நேற்று என்ர அசனம் தொடங்கினது" என்றார் ஐயா. "இவை அசனத்துக்கு வந்த ஆக்கள். பேர் எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் மாட்டன்."

"நேத்து அசனம் நேத்தே முடிஞ்சிருக்கும்."

"முடியலைங்க" என்று பின்னால் இருந்து அக்காவின் குரல் இடித்தது. அவள் அண்டாவோடு வந்தாள், ஆவி பறந்தது. "நேத்து மிச்சத்து மேலயே இன்னிக்கி அரிசி போட்டிருக்கு. அண்டா காலியே ஆவல. நீங்க வேதக்காரரு, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

அப்போதுதான் அந்த ஒரு பிடி சோறு எதற்கு என்று எனக்குப் புரிந்தது. ரோலண்ட் அண்டாவைப் பார்த்தார். பீடத்தில் இருந்த அந்தோனியாரைப் பார்த்தார். அக்கா அவருக்கு முன்னால் ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

"ஒக்காருங்க தம்பி. அசனத்துக்கு வந்துட்டு இலைய விட்டுப் போவக்கூடாது."

அவரைத் தம்பி என்று அந்த ஊரில் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவர் இலைக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார், பென்சிலைப் பையில் போட்டார், மடிப்புக் கலையாத கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்தார். ஐயா பரிமாறினார். ரோலண்ட் தலை நிமிராமல் சாப்பிட்டார். இலையைத் தானே மடித்து எடுத்தார்.

எழுந்து போகும்போது அறைக் கதவு திறந்திருந்தது. செல்லம் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ரோலண்ட் வாசலில் நின்றார்.

"கொழந்தைக்குப் பேரு?" என்று கேட்டார்.

செல்லம் குழந்தையை முந்தானையால் மூடினாள். அக்கா குறுக்கே வந்து நின்றாள். "இன்னும் வைக்கல" என்றாள்.

"மெதுவா வைங்க" என்றார் ரோலண்ட். "இங்க யாருக்கும் அவசரம் இல்ல."

அவர் வெறுந்தலையோடுதான் படியிறங்கிப் படகில் ஏறினார். மேட்டுக்காட்டுப் பக்கம் அதற்குப் பிறகு அவர் வரவில்லை.